ஆயிரம் வெள்ளியில் வீட்டுக் கணினி: எங்கே சிக்கனம், எங்கே கூடாது?

ஆண்டின் தொடக்கத்தில் உயர்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் திறக்கும் வரையிலான மாதங்களில் பல குடும்பங்களில் ஒரே பேச்சுதான் நடக்கும். "பிள்ளைக்கு ஒரு கணினி வேண்டும். எவ்வளவு ஆகும்? எதை வாங்குவது?" இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பதில் சொல்வான், விளம்பரம் இன்னொரு பதில் சொல்லும். மூன்றையும் கேட்டுவிட்டுப் பெற்றோர் குழம்பி நிற்பதுதான் மிச்சம்.

ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தைப் பார்ப்போம். தந்தை கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். தாயார் பகுதி நேர வேலை செய்கிறார். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு சேரப் போகிறாள். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஒதுக்கி வைத்திருக்கும் தொகை சரியாக 1,000 வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு போனாலும் அடுத்த மாத மின்கட்டணத்தில் இடிக்கும்.

"அப்பா, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்கு எரிகிற பெட்டி வாங்கலாம்" என்கிறான் மகன்.

"விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் தம்பி? எனக்குக் காணொளி வெட்டி ஒட்ட வேண்டும், அது திணறாமல் ஓட வேண்டும்" என்கிறாள் அக்கா.

இருவர் கேட்பதும் நியாயமே. ஆனால் 1,000 வெள்ளி இரண்டுக்கும் போதாது. எதற்குப் பணம் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குடும்பம் ஆறேழு ஆண்டு உழைக்கும் கணினியுடன் வீடு திரும்பலாம். தெரியாமல் போனால் ஓராண்டில் பழுதாகும் பெட்டியுடன் திரும்ப நேரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பாகங்களை வாங்கித் தாமே பொருத்தினால் எப்போதும் மலிவு என்பது பழைய நம்பிக்கை. சிம் லிம் ஸ்குவேரில் கடைக்குக் கடை ஒற்றைத் தாளில் பொடி எழுத்தில் அச்சிட்ட விலைப்பட்டியலை வாங்கி, பேனாவால் கோடிட்டுப் பாகங்களைத் தேர்ந்தெடுத்த காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாக இருந்தது. இன்று அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் தரவு மையங்கள் நினைவகத்தை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், தயாரிப்பாளர்கள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினர். 2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்று வந்த வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. பெரிய கணினி நிறுவனங்கள் நினைவகத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குகின்றன. கடையில் ஒன்றிரண்டு வாங்கும் குடும்பம் அன்றைய விலையைத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே சில வேளைகளில் ஆயத்தக் கணினியே மலிவாக அமையலாம்.

அப்படியானால் தாமே பொருத்துவதில் என்ன பயன்? பழுதுபார்க்கும் வசதிதான் அதன் பெரிய பயன். மடிக்கணினியில் நினைவகம் பலகையோடு ஒட்டியிருந்தால் அதை மாற்ற முடியாது. ஆயத்தக் கணினிகள் சிலவற்றில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்த நிறுவனத்துக்கென்றே தனி வடிவில் செய்யப்பட்டிருக்கும். பொது அளவிலான பாகங்களைக் கொண்டு பொருத்திய கணினியில் எந்தப் பாகம் கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். நான்கு ஆண்டு கழித்து வேகம் போதவில்லை என்றால் ஒரு பாகத்தை மட்டும் உயர்த்தலாம். சிறு வருமானக் குடும்பத்துக்கு இது பெரிய சேமிப்பு.

எனவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் ஆயத்தக் கணினியின் விவரத்தையும் விலையையும், வலப்பக்கம் அதே தரத்துப் பாகங்களின் விலையையும் எழுதிப் பார்ப்பது. வேறுபாடு நூறு வெள்ளிக்குள் இருந்தால் பொருத்துவது நல்லது. ஆயத்தக் கணினி இருநூறு, முந்நூறு வெள்ளி மலிவாக இருந்தால் அதை வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி வழியாகவே தனிப்பட்ட கற்றல் சாதனம் கிடைக்கிறது. குறைந்த வருமானமுள்ள வீவக குடும்பங்களுக்கு, 2023இல் தொடங்கிய டிஜிட்டல் அக்சஸ் அட் ஹோம் திட்டத்தின்கீழ் மானிய விலையில் மடிக்கணினியோ கைக்கணினியோ இணைய இணைப்புடன் கிடைக்க வழியுண்டு. தகுதி இருந்தால் அதை முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போவதே முறை.

பணத்தைப் பங்கிடும் விதம்

வீட்டில் பழைய திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை நல்ல நிலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் இருக்கத்தான் செய்யும். அப்போது 1,000 வெள்ளியை ஏறக்குறைய இப்படிப் பங்கிடலாம்: செயலிக்கு 220, நினைவகத்துக்கு 200, தாய்ப்பலகைக்கு 150, சேமிப்பகத்துக்கு 130, மின்வழங்கிக்கு 90, பெட்டிக்கு 60. ஆக 850 வெள்ளி. மீதி 150 வெள்ளி மென்பொருளுக்கும் எதிர்பாராத செலவுக்கும் கையில் இருக்க வேண்டும்.

இவை கடை விலைகள் அல்ல. விலை வாரத்துக்கு வாரம் மாறும். இவை ஒவ்வொரு பாகத்துக்கும் போட்டுக்கொள்ளும் வரம்பு. ஒரு பாகம் வரம்பை மீறினால் அந்தப் பணம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று உடனே பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் மின்வழங்கியிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதுவே மிகப் பெரிய தவறு. ஏன் என்பதைப் பிறகு காண்போம்.

இந்தப் பட்டியலில் தனி வரைகலை அட்டை இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம். அது மறதியால் விடுபடவில்லை. சிக்கனக் கணினியின் அடிப்படையே அதுதான்.

செயலி: கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஒரு காலத்தில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் கேட்டுச் செயலி வாங்கினோம். இப்போது அந்த எண் தனியாக எதையும் சொல்வதில்லை. உள்கரு எத்தனை, எந்த ஆண்டில் வந்த தலைமுறை, உள்ளேயே வரைகலை வசதி உண்டா ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பெயரின் இறுதி எழுத்து பதில் சொல்லும். இன்டெல் கோர் வரிசையில் எண்ணுக்குப் பின் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே வரைகலை இல்லை என்று பொருள். ஐ3-12100 என்பதில் உண்டு, ஐ3-12100எஃப் என்பதில் இல்லை. எஃப் வகை சில பத்து வெள்ளி மலிவாக இருக்கும். அந்த மலிவைப் பார்த்து வாங்கி வந்து பொருத்தினால் திரையில் ஒன்றும் தெரியாது. பிறகு தனி அட்டைக்கு ஓட வேண்டும்.

ஏஎம்டியின் ரைசன் வரிசையில் ஜி என்ற எழுத்து நல்ல வரைகலை உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. ரைசன் 5 5600ஜி என்பது 2021இல் வந்த செயலி. ஆறு உள்கரு, பன்னிரண்டு இழை, 65 வாட் கொண்டது. கையில் 5600 என்ற செயலி மட்டும் இருந்தால் அதில் வரைகலை இல்லை. 2022இல் வந்த 7000 வரிசையிலிருந்து நிலைமை மாறியது. எஃப் எழுத்து இல்லாத பெரும்பாலானவற்றில் திரையை இயக்கும் அளவுக்கு எளிய வரைகலை இருக்கிறது.

கட்டுரை எழுத, இணைய வகுப்பு நடத்த, சாதாரணக் காணொளி தொகுக்க, நிரல் எழுதிப் பழக ஐ3-12100 போன்ற நான்கு உள்கருச் செயலியே போதும். மகள் காணொளி வேலை அதிகம் செய்வாள் என்றால் ஆறு உள்கருவுக்குப் போகலாம். அதற்கு மேல் போவது இந்தக் குடும்பத்துக்குத் தேவையில்லை. இவ்வகைச் செயலிகள் பெட்டியில் வரும்போது குளிர்விப்பு விசிறியும் உடன் வரும். பெட்டியில்லாமல் தட்டில் வைத்து விற்பதை வாங்கினால் விசிறியைத் தனியாக வாங்க வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

தாய்ப்பலகை: எல்லாம் இதில்தான் பொருந்த வேண்டும்

செயலி அமரும் குழியின் வகை பலகைக்குப் பலகை வேறுபடும். 5600ஜி ஏஎம்4 குழியில் அமரும். ரைசன் 7000 முதலான புதியவை ஏஎம்5 குழியில் அமரும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இன்டெலின் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைச் செயலிகள் எல்ஜிஏ1700 குழிக்கானவை.

நினைவக வகையையும் பலகையே முடிவு செய்கிறது. ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700 பலகைகளில் சில டிடிஆர்4 ஏற்கும், சில டிடிஆர்5 ஏற்கும். ஒரே பலகை இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்பது மிக அரிது. ஆகவே செயலி, பலகை, நினைவகம் மூன்றையும் ஒன்றாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கடையில் செயலி, இன்னொரு கடையில் பலகை என்று மலிவு தேடி அலைந்து, கடைசியில் பொருந்தாமல் நிற்பவர்கள் உண்டு.

ஏஎம்5 பலகை வாங்கினால் எதிர்காலத்தில் புதிய செயலி போடும் வாய்ப்பு கூடுதல். ஆனால் முதற்செலவும் கூடுதல். வீட்டில் பழைய மேசைக் கணினியின் டிடிஆர்4 நினைவகம் இருந்தால், ஏஎம்4 அல்லது டிடிஆர்4 வகை எல்ஜிஏ1700 பலகை வாங்கி அதையே பயன்படுத்தலாம். நினைவகம் விலையேறிய காலத்தில் இது கணிசமான மிச்சம். மடிக்கணினியின் நினைவகம் நீளம் குறைந்தது. அது மேசைக் கணினியில் பொருந்தாது.

பழைய சரக்கான பலகையில் புதிய செயலியைப் போட்டால் சில வேளை கணினி உயிர் பெறாது. பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸ் பழையதாக இருப்பதே காரணம். "இந்தச் செயலிக்கு ஏற்ற பயாஸ் இதில் இருக்கிறதா?" என்று கடையிலேயே கேட்டு, இல்லாவிட்டால் அங்கேயே புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும்.

சிக்கனத்துக்கு ஏற்றது 244 மில்லிமீட்டர் சதுர அளவுக்குள் அடங்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை. நினைவகத்துக்கு இரண்டு இடமாவது, எம்.2 சேமிப்பகத்துக்கு ஓர் இடமாவது, பின்னாளில் வரைகலை அட்டை செருக நீண்ட இடம் ஒன்று, வீட்டுத் திரைக்கு ஏற்ற எச்டிஎம்ஐ துளை ஆகியவை இருந்தால் போதும். பலகையின் மேல் ஒளிரும் விளக்குகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

நினைவகம்: ஒன்றா, இரண்டா?

8 ஜிகாபைட் இன்று தட்டுத்தடுமாறும். 16 ஜிகாபைட் நிறைவாக இருக்கும். 32 ஜிகாபைட் காணொளித் தொழில் செய்பவர்களுக்கு.

16 ஜிகாபைட்டை ஒரே பட்டையாக வாங்குவதா, 8 வீதம் இரண்டாக வாங்குவதா என்பது பலருக்கும் வரும் ஐயம். உள்ளமைந்த வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகத்தையே அதுவும் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 பட்டை ஒன்று வினாடிக்கு 25.6 ஜிகாபைட் தரவைக் கடத்தும். இரண்டு பட்டைகள் இருந்தால் செயலி இரண்டு பாதைகளிலும் ஒரே நேரத்தில் எடுத்து 51.2 ஜிகாபைட் வரை கடத்தும். ஒருவழிச் சாலை இருவழியாவது போலத்தான். எனவே தனி வரைகலை அட்டை இல்லாத கணினிக்கு 8 வீதம் இரண்டு என்பதே சரி. மகன் விளையாடும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ஆனால் விலை 200 வெள்ளி வரம்பைத் தாண்டினால்? அப்போது ஒரே பட்டையாக 8 அல்லது 16 வாங்கிவிட்டு, மற்ற இடத்தைக் காலியாக விட்டு, விலை இறங்கும்போது அதே வகைப் பட்டை இன்னொன்றைச் சேர்க்கலாம். நினைவகம் பின்னாளில் எளிதாகச் சேர்க்கக்கூடிய பாகம். அதற்காக மின்வழங்கியைத் தரம் குறைக்கக் கூடாது.

சேமிப்பகம்: சுழலும் தட்டுக்கு விடைகொடுக்கலாம்

பழைய சுழல்வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 மில்லி வினாடி. ஒரு கோப்பைத் தேடி முள் நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும்போது அந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துதான் "கணினி மெதுவாக இருக்கிறது" என்ற புகாராகிறது. எஸ்எஸ்டி எனப்படும் திண்மச் சேமிப்பகத்தில் அசையும் பாகமே இல்லை. அதனால் தேடும் நேரம் மிகமிகக் குறைவு. பழைய கணினிக்கும் இதை மட்டும் மாற்றினாலே புத்துயிர் வந்தது போலிருக்கும்.

எஸ்எஸ்டியிலும் இரு வகை உண்டு. சாட்டா வகை வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை செல்லும். என்விஎம்இ வகை அதைப் போல் பல மடங்கு வேகம். விலை வேறுபாடு சிறிது என்றால் என்விஎம்இ வாங்கலாம். ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. எம்.2 வடிவத்தில் சாட்டா வகையும் வருகிறது. பலகை எதை ஏற்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அதிவேகம் என்று விலைகூட்டி விற்பதிலும் எச்சரிக்கை தேவை. 5600ஜி செயலி மூன்றாம் தலைமுறைப் பாதையை மட்டுமே தருகிறது. அதில் நான்காம், ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டியைப் போட்டாலும் ஏறக்குறைய 3,500 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. மிச்ச வேகத்துக்குக் கொடுத்த பணம் வீண். 500 ஜிகாபைட்டில் தொடங்கி, இடம் போதாவிட்டால் பிறகு இன்னொன்று சேர்க்கலாம்.

எஸ்எஸ்டி கெட்டால் முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது. வீட்டில் கிடக்கும் பழைய வட்டை வெளிப்பெட்டியில் போட்டு, வாரம் ஒருமுறை பள்ளிப் பாடங்களையும் குடும்பப் படங்களையும் நகலெடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

மின்வழங்கி: கண்ணுக்குத் தெரியாத காவலன்

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது மின்வழங்கி. கணினியின் எல்லாப் பாகங்களும் இதனோடு இணைந்திருக்கின்றன. நினைவகம் கெட்டால் நினைவகம் மட்டும் போகும். தரமற்ற மின்வழங்கி கெடும்போது பலகையையும் சேமிப்பகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். 40 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் 600 வெள்ளியை இழப்பது இப்படித்தான்.

இதை வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்க வேண்டும். செயலிக்கும் வரைகலைக்கும் வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்து வருகிறது. 500 வாட் என்று பெயர் போட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று இருந்தால் என்ன பொருள்? பன்னிரண்டை இருபதால் பெருக்கினால் 240 வாட். பெயரில் சொன்னதில் பாதிகூட அந்தத் தடத்தில் இல்லை. நல்ல மின்வழங்கியில் இந்தக் கணக்கு, பெயரில் சொன்ன எண்ணுக்கு நெருக்கமாக வரும்.

80 பிளஸ் என்ற முத்திரை, சுமை குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனாக மாற்றுகிறது என்பதைக் காட்டும். அது சிக்கனத்தின் அளவுகோல். பாதுகாப்புக்கு முழு உத்தரவாதம் அன்று. அதனுடன் உத்தரவாதக் காலத்தையும் பார்க்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் தருபவருக்கும் ஐந்தாண்டு தருபவருக்கும் தங்கள் சரக்கின்மீது உள்ள நம்பிக்கை வேறுபடுகிறது.

இந்தக் குடும்பத்தின் கணினி முழுவேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. எனவே 750 வாட் தேவையே இல்லை. நல்ல தயாரிப்பில் 450 முதல் 550 வாட் வாங்கினால், பின்னாளில் நடுத்தர வரைகலை அட்டை ஒன்று சேர்ப்பதற்கும் இடமிருக்கும். பெட்டியுடன் இலவசமாக வரும் மின்வழங்கியை நம்பிக் கணினியை ஒப்படைக்க வேண்டாம். கழற்றி மாட்டும் வடங்கள் உள்ள மின்வழங்கியில், வேறு தயாரிப்பின் பழைய வடத்தைச் செருகவும் கூடாது. முனை ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். பாகங்கள் கருகிவிடும்.

பெட்டியும் காற்றும்

நம் ஊரில் குளிர்சாதனம் போடாத அறையின் வெப்பநிலை பகலில் 30 பாகைக்கு மேல். குளிர்நாட்டுக்காரர் பரிசோதித்துச் சொன்ன வெப்பநிலை இங்கே பொருந்தாது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய அழகுப் பெட்டியில் காற்று புக வழியில்லை. முன்பக்கம் வலைக்கண்ணும், முன்னால் ஒரு விசிறியும், பின்னால் ஒரு விசிறியும் உள்ள எளிய பெட்டியே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. கழற்றிக் கழுவக்கூடிய தூசுவலை இருந்தால் நல்லது. சாமி மேடைக்கு அருகில் வைத்தால் சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் விசிறியில் படியும். சற்றுத் தள்ளியே வைக்கலாம்.

விளக்கு வேண்டும் என்று கேட்ட மகனுக்கு என்ன பதில்? இருபது வெள்ளிக்குள் ஒட்டும் விளக்குப் பட்டை கிடைக்கும். அடுத்த பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். விளையாட்டைப் பொறுத்தவரை, உள்ளமைந்த வரைகலையிலேயே எளிய இணைய விளையாட்டுகள் தாராளமாக ஓடும். பெரிய விளையாட்டுகள் ஓடாது. இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. "அட்டை செருக இடம் விட்டிருக்கிறோம் தம்பி, விடுமுறையில் வேலை செய்து சேர்த்தால் நீயே வாங்கிப் போடலாம்" என்று சொன்னால் அவனும் புரிந்துகொள்வான்.

மென்பொருளை மறந்துவிடக் கூடாது

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே புதுக் கணினிக்கு விண்டோஸ் 11தான். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம். மேலே சொன்ன செயலிகளிலெல்லாம் அது உண்டு. ஆனால் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினியை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது, ஒருசில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது.

பத்து வெள்ளிக்கு இணையத்தில் விற்கும் உரிம எண்களை நம்ப வேண்டாம். என்றைக்கு முடக்கப்படும் என்று சொல்ல முடியாது. பணம் போதாவிட்டால் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் மென்பொருள்கள் இலவசம். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபிஸ் இலவசம். கல்வி நிலையங்கள் பல மாணவர்களுக்கு அலுவலக மென்பொருளின் உரிமத்தைத் தருகின்றன. வாங்குவதற்கு முன் பள்ளியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் 11இல் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுறைகளும் உள்ளேயே உள்ளன. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சலின் வழியாகப் பழகிய முறை, இன்று பிள்ளைகளின் கணினியில் தானாகவே கிடைக்கிறது. கணினி வாங்கிய அன்றே அதை இயக்கிக் கொடுப்பது பெற்றோரின் கடமை எனலாம்.

கடையில் நடந்துகொள்ளும் முறை

பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். "அது கையிருப்பில் இல்லை, இது அதைவிட நல்லது" என்று கடையில் வேறொன்றை நீட்டினால் உடனே தலையாட்டக் கூடாது. எழுத்தும் எண்ணும் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடும். வெளியே வந்து, தேக்காவில் ஒரு தேநீர் குடித்தபடி விசாரித்துவிட்டுத் திரும்பலாம். சிம் லிம் ஸ்குவேரிலிருந்து தேக்கா நடக்கும் தூரம்தான். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவுக்குச் செல்வோருக்கும் இதே அறிவுரை பொருந்தும்.

சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடக்கமா, அட்டையில் செலுத்தினால் கூடுதல் கட்டணமா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். ரசீதில் "16 ஜிபி நினைவகம்" என்று பொதுவாக எழுதினால் ஏற்கக் கூடாது. தயாரிப்பாளர், மாடல் எண், உத்தரவாதக் காலம் மூன்றும் இருக்க வேண்டும். பெட்டிகளையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். ரசீது மை மங்கிவிடும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் வாங்குபவருக்குத் துணை நிற்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ முதலில் கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கு 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம்.

ஆகவே எல்லாப் பாகங்களையும் சில நாள்களுக்குள் வாங்கி, உடனே பொருத்திச் சோதித்துவிட வேண்டும். செயலியை இந்த மாதம், பலகையை அடுத்த மாதம் என்று வாங்கி அலமாரியில் அடுக்கினால், குறை தெரிவதற்குள் மாற்றித் தரும் கெடு கடந்துவிடும்.

பொருத்தும் நாள்

பொருத்துவதற்கு ஒரு திருப்புளி, நல்ல வெளிச்சம், இரண்டு மணி நேரம் போதும். வெறுங்காலுடன் கம்பளத்தின்மேல் நிற்காமல், அவ்வப்போது பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டால் உடலில் உள்ள நிலைமின்சாரம் வெளியேறிவிடும். முதலில் செயலி, நினைவகம், எஸ்எஸ்டி மூன்றையும் பலகையை மேசைமேல் வைத்தே பொருத்திவிட வேண்டும். செயலியின் மூலையில் உள்ள முக்கோணக் குறியும் குழியின் குறியும் ஒன்றுபட்டால் அது தானாகவே அமரும். அழுத்தவே கூடாது. பிறகு பலகையைப் பெட்டியில் இறக்கி, மின்வழங்கி வடங்களைச் செருகலாம்.

கணினி இயங்கியதும் பயாசுக்குள் சென்று நினைவகத்தின் உரிய வேகத்தை இயக்கிவிட வேண்டும். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற பெயரில் அது இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் 3200 வேகத்துக்குப் பணம் கொடுத்து 2133 வேகத்தில் ஓட்டும் நிலை ஏற்படலாம். அன்றிரவு நினைவகச் சோதனை ஒன்றை ஓடவிட்டுத் தூங்கலாம். காலையில் ஒரு பிழைகூட இல்லை என்றால் நிம்மதி. பிழை இருந்தால் ரசீதுடன் கடைக்குப் போகலாம்.

இதையெல்லாம் தந்தை தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அக்கா பட்டியலைப் படிக்க, தம்பி திருப்புளி பிடிக்க, அப்பா ரசீதுகளைக் கோப்பில் அடுக்க, அம்மா அருகிலிருந்து பார்த்துக்கொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். தம் கையால் பொருத்திய பெட்டியைப் பிள்ளைகள் பொத்திப் பாதுகாப்பார்கள். நான்காண்டு கழித்து ஒரு பாகம் கெட்டால், "புதுசு வாங்கித் தாருங்கள்" என்று கேட்க மாட்டார்கள். எது கெட்டது என்று அவர்களே திறந்து பார்ப்பார்கள்.